குறி தப்பாத பறவை

ஜூன் 4, ஞாயிறு

இன்றும் டீ போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். விமானத்தை ஒட்டிப் போட்ட கொட்டகையில் ஆறு பேர் வேலை செய்கிறோம். ஆறு பேருக்கும் கை இருக்கிறது. அடுப்பு பற்றவைக்கத் தெரிந்த கை என்னுடையது மட்டும்தானாம். முப்பது வருஷம் ஐ.டி.ஐ.யில் தகடு வேலை சொல்லிக்கொடுத்தவள் நான். என்னிடம் படித்த பையன்கள் இன்றைக்குச் சொந்தமாக பஸ் பாடி கட்டுகிறார்கள். “இந்த வாரம் வேற யாராச்சும் போடுங்க” என்று சொல்லிவிட்டு விமானத்தின் வாலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். கடைசியில், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஸ்குவாட்ரன் லீடர் வைத்தீஸ்வரன் சாரே போட்டார். பாயசம் மாதிரி இருந்தது. நான் குடித்தேன். மற்றவர்கள் செடிக்கு ஊற்றினார்கள்.

மனதில் இருப்பதை ஊரிடம் கத்தாமல் எழுதி வை என்று மகள் இந்த டைரியை வாங்கிக்கொடுத்தாள். நான் எங்கே கத்துகிறேன்?

விமானத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். நாலு எஞ்சின், இரட்டை வால், லிபரேட்டர் என்று பேர். இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்ட ரகம். போர் முடிந்து வெள்ளைக்காரன் போகும்போது, வேறு யாருக்கும் பயன்படக் கூடாது என்று இந்த மாதிரி விமானங்களை உடைத்துப் போட்டுவிட்டுப் போனானாம். போகிறவன் பேசாமல் போக வேண்டியதுதானே! நம் ஆட்கள் அந்தக் குவியலிலிருந்து பொறுக்கிச் சேர்த்து மறுபடியும் பறக்கவிட்டு, வருஷக்கணக்கில் கடல் ரோந்துக்கு ஓட்டினார்கள். அதில் ஒன்றைத்தான் இந்த இன்ஜினியரிங் காலேஜின் பழைய தாளாளர் பிள்ளைகள் படிக்கட்டும் என்று வாங்கி வந்து ஹாஸ்டலுக்குப் பின்னால் நிறுத்தினார். பிள்ளைகள் அதன் மேல் துணி காயப்போட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு பேப்பரில் தன்னார்வலர்கள் தேவை என்று பார்த்துவிட்டுப் போனேன். இறக்கையில் தேன்கூடு, வயிற்றுக்குள் நாய் குட்டி போட்டிருந்தது. பார்த்ததும் வயிறெரிந்தது. அன்றே பெயர் கொடுத்தேன்.

வீட்டில் குக்கர் விசில் மறுபடி கெட்டுவிட்டது. பருப்பு அடிப்பிடித்துக் கரிந்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரை ஒரு சத்தம் இல்லை. கடைக்காரன் “விசில் நல்லாத்தானுங்க இருக்குது” என்று வாதாடுகிறான். இவன் வந்து என் பருப்பைத் தின்பானா?

ஜூன் 11, ஞாயிறு

வால் பக்கத்துத் தகடு மாற்றும் வேலை. காத்தமுத்து அண்ணனும் நானும்தான் ஜோடி. அவர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வெளியே நின்று, தகட்டை இணைக்கும் ரிவெட் ஆணியை அடிப்பார். நான் உள்ளே உட்கார்ந்து இரும்புக் கட்டையை எதிர்ப்பக்கம் அழுத்திப் பிடிப்பேன். நடுவில் தகடு. நான் உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டினால் இன்னொரு அடி வேண்டும், இரண்டு தட்டினால் போதும். பேச்சே தேவையில்லை. இந்த மாதிரி ஒரு ஜோடி எனக்கு உத்தியோகத்தில் இருந்தபோது கிடைத்ததில்லை.

வழக்கமாக வாயைத் திறக்காத மனிதருக்கு இன்று பேச்சு வந்துவிட்டது. இடைவேளையில் உள்ளே வந்து என் இடதுபக்கம் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். வெளியே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பன் என்றார், ரயில் என்றார். நான் “ஆமாங்ணா, ஆமாங்ணா” என்றேன். ஆண்களுக்கு வயதானால் முணுமுணுப்பு வந்துவிடுகிறது. வாயைத் திறந்து பேசினால் பல்லா கொட்டிவிடும்? நடுவில் ஒருதரம் பேச்சை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலுமினியத் தூள். கண்ணாடி போடாமல் வேலை செய்யாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது!

ஜூன் 18, ஞாயிறு

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி திறப்பு விழா என்று முடிவு செய்துவிட்டார்கள். தகடு வேலையே பாதி பாக்கி. இதில் புதிய தாளாளர், அதாவது பழையவரின் மகன், எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறாராம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் பன்னீர் தெளிக்க வேண்டுமாம். தன்னார்வலர்களில் பெண்கள் இருப்பது தெரிய வேண்டும் என்பதற்காக! அப்படியென்றால் நான் வாலுக்குள் இரண்டு வருஷமாகக் குந்தியிருந்தது யாருக்குத் தெரிவதற்காக?

மகள் போன் செய்தாள். லைன் சரியில்லை. எல்லா நெட்வொர்க்கும் ஒரே லட்சணம். “டாக்டர்கிட்ட” என்று ஏதோ சொன்னாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 24, சனி

தாளாளர் கூட்டம் போட்டார். விமானத்துக்கு முன்னால் வைக்கப்போகும் பலகையின் மாதிரியைக் கொண்டுவந்திருந்தார்கள். விளம்பரக் கம்பெனி செய்தது. மேலே பெரிய எழுத்தில் ‘குறி தப்பாத பறவை’. கீழே எஞ்சின், இறக்கை விவரங்கள். பிறகு, பர்மாவிலும் சயாமிலும் எதிரிகளின் பாலங்களைத் தகர்த்து வெற்றி தேடித்தந்த ரகம் என்று நாலு வரி. எழுத்து எடுப்பாகத்தான் இருந்தது.

ஏ.சி. உறுமலில் யார் பேசியதும் விளங்கவில்லை. காத்தமுத்து அண்ணன் எழுந்து எதையோ சொன்னார். தாளாளர் முகத்தைச் சுளித்தார். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பலகையைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று “நல்லாத்தானுங்க இருக்குது, இப்படியே வெச்சிரலாம்” என்றேன். தாளாளர் கைதட்டினார். அண்ணன் உட்காராமல் அப்படியே வெளியே போனார். மரியாதைக்காவது கூட்டம் முடியும்வரை இருந்திருக்கலாம்.

ஜூலை 2, ஞாயிறு

காத்தமுத்து அண்ணன் நேற்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. போனை எடுக்கவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

வரவில்லை. எனக்கு ஜோடியாக வேறொருவரை அனுப்பினார்கள். நான் இரண்டு தட்டியபிறகும் அடித்துக்கொண்டே இருக்கிறார். தகட்டில் பள்ளம் விழுந்து, அந்த வரிசை முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. திறப்பு விழாவுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. வாலைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வது என்ன நியாயம்? கோபமென்றால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அடுத்த வாரம் நேரிலேயே போய் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை.

ஜூலை 15, சனி

போனேன். கேட்கப்போன நாலு வார்த்தையையும் கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

அண்ணன் வீடு போத்தனூர்ப் பக்கம். அவர் மனைவி பாப்பாத்தி கதவைத் திறந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்ணா, வால் தகடு பாதியில நிக்குது. ஒரு வார்த்தை சொல்லாம வந்து உக்காந்துட்டா என்னங்க அர்த்தம்?” என்றேன்.

அவர் திரும்பவில்லை. பாப்பாத்திதான் டிவியை அணைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். அந்த அம்மாவுக்கு நல்ல கணீரென்ற குரல்.

“அர்த்தத்தை நீங்க பேசறீங்களா? இந்த மனுசன் அத்தன பேருக்கு முன்னால உங்களை நம்பித்தானே கேட்டாரு? டீச்சருக்கு எல்லாந் தெரியும், டீச்சரே சொல்லட்டும்னாரு. நீங்க சிரிச்சிட்டு, இப்படியே வெச்சிரலாம்னு சொன்னீங்களாமா!”

“எது எனக்குத் தெரியும்? பலகையைப் பத்தித்தானே கேட்டாரு?”

அண்ணன் இப்போது திரும்பினார். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“டீச்சர், நெசமாத்தான் கேக்கறீங்களா?”

“பின்ன, வெளையாட்டுக்கா இத்தன தூரம் பஸ் ஏறி வந்தேன்?”

“அன்னிக்கு வாலுக்குள்ள உக்காந்து எங்கப்பன் கதையெல்லாம் சொன்னனுங்களே. நீங்க ஆமாங்ணா, ஆமாங்ணான்னீங்க.”

பாப்பாத்தி தலையில் அடித்துக்கொண்டார். “அட என்ற சாமி! டீச்சருக்குக் காது கேக்காதுன்னு ஊருக்கே தெரியும். கூடவே வேலை செய்யற இந்த மனுசனுக்குத் தெரியலையா?”

அந்தப் பேச்சு எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஊருக்கே தெரியுமாம். எந்த ஊருக்கு? எழுந்து வந்திருப்பேன். அண்ணன் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதனால் உட்கார்ந்திருந்தேன்.

“எங்கப்பன் மலேயாவுல ரப்பர் தோட்டத்துல பொறந்தவருங்க. ஜப்பான்காரன் வந்தப்ப சின்னப் பையன். சயாமுக்கு, இப்பத் தாய்லாந்துங்கறாங்களே, அங்க ரயில் ரோடு போடோணும், ஆளு வேணும்னு லாரியில ஏத்தீட்டுப் போயிட்டாங்க. எங்கப்பன், அவரோட அம்மா, தங்கச்சி மூணு பேரும். அங்க காய்ச்சல்லயும் பேதியிலயும் போனவங்கதான் பாதி. மிச்சமிருந்தவங்களைப் பாலத்துக்குப் பக்கத்துல மூங்கில் கொட்டாய் போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு நா மத்தியானம் மேல சத்தம். நாலு எஞ்சினு, ரெட்டை வாலு. நம்மாளுக வந்துட்டாங்க, ஜப்பான்காரன் தொலைஞ்சான்னு எல்லாரும் வெளிய ஓடியாந்து கையத் தட்டுனாங்களாம். தட்டீட்டு இருக்கறப்பவே விழுந்துச்சாம்.”

பாப்பாத்தி உள்ளே போய்விட்டார்.

“எங்கப்பன் ஆத்துக்குத் தண்ணி மொள்ளப் போயிருந்தாரு. திரும்பி வந்தா கொட்டாயுமில்லை, அம்மாளுமில்லை, தங்கச்சியுமில்லை. பாலம் மட்டும் அப்படியே நின்னுச்சாம். அதுக்கு ஒண்ணும் ஆகலையாம், டீச்சர்.”

எனக்குப் பலகையின் மேல் வரி நினைவுக்கு வந்தது. அதை நான் எடுப்பாக இருக்கிறது என்று இந்த டைரியிலேயே எழுதியிருக்கிறேன்.

“அப்புறம் எதுக்குங்ணா ரெண்டு வருசமா இதுக்குப் போயிப் பாடுபட்டீங்க?” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பாப்பாத்தி எட்டிப் பார்த்தார்.

“சண்டை முடிஞ்சு கப்பலேறி இங்க வந்தப்பறமும், சாகற வரைக்கும் எங்கப்பன் ஏரோப்ளேன் சத்தங் கேட்டா கட்டலுக்கடியில பூந்துக்குவாருங்க. அப்புடி என்னதான் இருக்குது அதுலன்னு ஒருதடவை பாத்துட்டு வந்தரலாம்னுதான் போனேன். தொட்டுப் பாத்தா வெறுந் தகடு. நம்ம ரயில்பெட்டி மாதிரியே ரிவெட்டு. இத்துப்போயிக் கெடந்துச்சு. கை சும்மா இருக்குதுங்களா? ஆரம்பிச்சிருச்சு.”

அவர் கூட்டத்தில் கேட்டது ஒரே ஒரு வரி. இந்த ரக விமானங்கள் போட்ட குண்டில், ரயில் பாதையில் அடிமைகளாக வேலை செய்த தமிழ்க் கூலிகளும் செத்தார்கள் என்று கீழே ஒரு வரி. அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 19, புதன்

காது டாக்டரிடம் போனேன். பாப்பாத்தி சொன்னதற்காக இல்லை. ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்துச் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். சத்தமே போடாமல் எப்படி அழுத்துவது என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். டாக்டர் ஒரு வரைபடம் காட்டினார். இடது காதுக்கு உரிய கோடு மலையிலிருந்து இறங்குவது போல இறங்கியிருந்தது. வலது காதும் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தது. வாழ்நாள் பூராவும் தகடு அடித்த சத்தம்தான் காரணமாம்.

“எவ்வளவு நாளா இப்படி இருக்குதும்மா?” என்று கேட்டார்.

“எப்படி?” என்றேன்.

ஜூலை 21, வெள்ளி

காதில் மிஷின் மாட்டிக்கொண்டேன். குக்கர் விசில் நன்றாகத்தான் இருக்கிறது. இதைப் பற்றி இனி எழுதப்போவதில்லை.

ஜூலை 23, ஞாயிறு

வைத்தீஸ்வரன் சாரைத் தனியாகப் பிடித்தேன். நல்ல மனிதர். ஆனால் மேலே இருப்பவர் தும்மினால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்கிற சுபாவம்.

“மேடம், அந்தச் சம்பவம் வருத்தமானதுதான். நான் மறுக்கலை. ஆனா இந்த விமானம்தான் அங்க குண்டு போட்டதுங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?”

“போடலைங்கறதுக்கு இருக்குதுங்களா?”

“இல்லை.”

“அப்ப குறி தப்பாத பறவைன்னு மட்டும் எந்த ஆதாரத்துல எழுதினீங்க?”

கொஞ்சநேரம் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். “அது ஏஜென்சி எழுதினது மேடம்.”

“சார், நீங்க விமானப்படையில இருந்தவரு. மேல இருந்து போட்டா எல்லாம் குறியிலதான் விழுமுங்களா?”

“விழாது” என்றார். இவ்வளவு மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. தாளாளரிடம் தானே பேசுவதாகச் சொன்னார்.

ஜூலை 29, சனி

அவர் பேசவில்லை. நானே போனேன். தாளாளர் அரைமணி நேரம் வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார்.

“ஏம்மா, நல்ல நாள் அதுவுமா எழவு வீட்டுப் பேச்சு எதுக்குங்க? பசங்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, சந்தோஷமா போவாங்க. அதுக்குத்தானே இத்தனை செலவு?”

“அவங்க செத்தது நெசந்தானுங்களே?”

“எத்தனையோ பேர் எத்தனையோ எடத்துல சாகறாங்க. எல்லாரையும் பலகையில எழுதினா விமானத்தைப் பாக்க எடம் இருக்காது. அதுலயும் இவங்க என்ன நம்ம காலேஜ்லயா படிச்சாங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. முப்பது வருஷத்தில் எந்த முட்டாள் பையனிடமும் எனக்குப் பேச்சு நின்றதில்லை. எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போதும் அந்த வார்த்தை கூடவே வந்தது. நம்ம காலேஜ்லயா படிச்சாங்க! அவர்கள் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை ஐயா. ஆளை லாரியில் ஏற்றும்போது யாரும் பட்டம் கேட்கவில்லை.

இரவு சாப்பிடப் பிடிக்கவில்லை. ரசத்தை அப்படியே மூடி வைத்தேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வால் தகட்டை முடித்துவிட்டோம். அண்ணன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த ரிவெட் வரிசை சுமாராகத்தான் வந்திருக்கிறது. பெயின்ட் அடித்தால் தெரியாதாம். எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

நான் பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள்.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் போனேன். வாசலில் பன்னீர்ச் செம்பைக் கையில் கொடுத்தார்கள். தெளித்தேன். பாப்பாத்தி வந்திருந்தார், யாரும் கூப்பிடாமலே. முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் வரவில்லை. கொடி ஏற்றினார்கள். சிறப்பு விருந்தினர் ஒரு திரையை இழுத்தார். பலகை வந்தது. ‘குறி தப்பாத பறவை.’ எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு முழுசாகக் கேட்டது. மிஷினைக் கழற்றி எறிந்துவிடலாம் போல இருந்தது.

கடைசியில் நன்றியுரை. தன்னார்வலர்களின் சார்பில் நம் சகோதரி வசந்தாமணி என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த விமானத்தோட வால் தகடு நான் போட்டதுங்க. நானும் காத்தமுத்துன்னு ஒருத்தரும். அவரு ஏன் இங்க இல்லைன்னு சொல்றதுதான் என்னோட நன்றியுரை. இதே ரக விமானம் சயாம்ல ரயில் பாலத்து மேல குண்டு போட்டுச்சுங்க. பாலத்துக்குப் பக்கத்துல நம்ம சனங்க இருந்தாங்க. மலேயாத் தோட்டத்துல இருந்து புடிச்சிட்டுப் போன கூலிக்காரங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க. நம்மளைக் காப்பாத்த வந்திருக்காங்கன்னு அவங்க கைதட்டினாங்க, நீங்க இப்பத் தட்டினீங்களே, அந்த மாதிரி. காத்தமுத்துவோட பாட்டியும் அத்தையும் அதுலதான் போனாங்க. பாலம் போகலை. குறி தப்பாததுன்னு இங்க எழுதி வெச்சிருக்குது. குறி தப்பலைன்னா, அவங்கதான் குறிங்களா?”

இந்த இடத்தில் மைக்கை அணைத்தார்கள். நாற்பது பையன்கள் சுத்தியலோடு நிற்கிற ஒர்க்‌ஷாப்பில் மைக் இல்லாமல் பாடம் எடுத்தவள் நான். மிச்சத்தையும் சொன்னேன்.

“விமானத்தைக் கொறை சொல்லலைங்க. நான் இதைத் தொடச்சு வெச்சவள். ஒரு வரி எழுதச் சொன்னோம். இத்தாம் பெரிய பலகையில ஒரு வரிக்கு எடமில்லையாமா. எடமில்லாத பலகைக்கு நான் நன்றி சொல்ல மாட்டனுங்க.”

யாரும் கைதட்டவில்லை. சிறப்பு விருந்தினர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளாளர் கழுத்துவரை சிவந்துபோய் வாட்ச்மேனைத் தேடினார். வைத்தீஸ்வரன் சார் மட்டும் நான் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றார், முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். வாயைத் திறக்கவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான். அதையும் எழுதி வைப்பதுதான் முறை.

பாப்பாத்தி மேடைக்கே வந்து என் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 19, சனி

கேட்டில் நிறுத்திவிட்டார்கள். தன்னார்வலர் வேலை முடிந்துவிட்டதாம், இனி யாரும் தேவையில்லையாம். என் சுத்தியல், கத்தரி, இரும்புக் கட்டை எல்லாம் உள்ளே இருக்கிறது என்றேன். வாட்ச்மேன் போய் ஒரு அரிசிச் சாக்கில் கட்டி எடுத்துவந்து ரோட்டோரம் வைத்தார். சாக்கில்!

பாவம், அவரைச் சொல்லி என்ன? தூக்கி ஆட்டோவில் வைத்தவரும் அவர்தான்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

யாரோ ஒரு மாணவன் நான் பேசியதைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டானாம். மகள் பார்த்துவிட்டுப் போனில் அழுதாள். “அம்மா, இவ்வளவு சத்தமா பேசறே” என்று சிரிக்கவும் செய்தாள். லைன் நன்றாக இருந்தது. மலேசியாவிலிருந்து யார் யாரோ காத்தமுத்து அண்ணனைக் கூப்பிட்டுத் தங்கள் தாத்தாவும் போனார், பெரியப்பாவும் போனார் என்கிறார்களாம். பத்திரிகைக்காரர்கள் காலேஜ் வாசலில் நிற்கிறார்களாம். நிற்கட்டும்.

செப்டம்பர் 2, சனி

இன்று பேப்பரைப் பார்த்துக் காப்பி டம்ளரைக் கீழே போட்டேன்.

பலகையை மாற்றிவிட்டார்கள். குறி தப்பாத பறவையைக் காணோம். ‘சயாம் ரயில் பாதையில் உயிர்நீத்த தமிழர் நினைவு விமானம்’ என்று போட்டு, அண்ணன் கேட்ட வரியும் இருக்கிறது, கூடவே பத்து வரியும் இருக்கிறது. பலகையின் ஓரத்தில் தாளாளரின் படம், விமானத்தின் படத்தைவிடப் பெரிதாக. இந்த மறைக்கப்பட்ட வரலாற்றை வெளிக்கொண்டுவர வேண்டும் என்பது தன்னுடைய நீண்டநாள் கனவு என்று பேட்டி கொடுத்திருக்கிறார். கனவு! என்னை அரைமணி நேரம் வெளியே உட்காரவைத்தபோது உள்ளே இந்தக் கனவைத்தான் கண்டுகொண்டிருந்தார் போலிருக்கிறது. இப்போது உள்ளே ஏறிப் பார்க்க டிக்கெட்டும் போட்டிருக்கிறார்கள். சாவு வீட்டு வாசலில் டிக்கெட்!

அண்ணனுக்கு ஆள் அனுப்பி, மாலை போடுகிறோம் வாருங்கள் என்றார்களாம். அவர் உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். நான் போன் செய்து பொரிந்து தள்ளினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “வரி வந்துருச்சல்லங்க டீச்சர்” என்றார்.

வந்துருச்சாம். எப்படி வந்தது, யார் பேரில் வந்தது என்றெல்லாம் இந்த மனிதருக்குக் கோபமே வராதா?

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் அண்ணனே கூப்பிட்டார். “ஒருக்காப் போயிப் பாத்துட்டு வந்தரலாமுங்களா?”

“அந்த ஆளு கொட்டகைக்கு நான் டிக்கெட் எடுத்துட்டுப் போறதாவது?”

“நான் எடுக்கறனுங்க. என்ற கூட வந்து நின்னீங்கன்னாப் போதும்.”

போனேன். அண்ணன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம். ஐஸ்கிரீம் வண்டி வேறு. வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் பதறி, நீங்க எதுக்குங்க வரிசையில என்று உள்ளே விடப் பார்த்தார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லி வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தார். பலகைக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று படித்தார். நானும் தாளாளரின் படத்தைப் பார்க்காமல் படித்தேன்.

உள்ளே ஏறினோம். நாங்கள் போட்ட வால் பக்கம் போவார் என்று நினைத்தேன். அவர் எதிர்ப்பக்கம் நடந்தார். விமானத்தின் மூக்குக்கு அடியில், குண்டு போடுகிறவன் குனிந்து கீழே பார்ப்பதற்கென்று ஒரு கண்ணாடி உண்டு. அங்கே போக ஆள் தவழ வேண்டும். இரண்டு வருஷத்தில் அண்ணன் ஒருநாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பகுதி வேலையை எப்போதும் மற்றவர்களிடம் தள்ளிவிடுவார்.

இன்று வெள்ளைச் சட்டையோடு தவழ்ந்து போனார். நான் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்தேன். அவர் குப்புறப் படுத்து, முகத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக் கீழே பார்த்தார். வெகுநேரம் அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

கீழே நிழலுக்காக நாலைந்து பிள்ளைகள் வந்து நின்றன. ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தன.

“டீச்சர், இத்தன பக்கத்துல நிக்கறாங்க. ஆனா இங்கிருந்து பாத்தா மொகமே தெரியலைங்க. தலை மட்டுந்தான் தெரியுது.”

அவர் முதுகின் மேல் கையை வைத்தேன்.

திடீரென்று அண்ணன் கண்ணாடியைத் தட்டினார். விரலால் தட்டினார், பிறகு உள்ளங்கையால். “தள்ளிப் போங்க கண்ணு. அடியில நிக்காதீங்க. தள்ளிப் போங்க.” ஒரு பெண் குழந்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தது. மற்றவையும் சிரித்தன. கண்ணாடிக்குள் ஒரு தாத்தா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டன. இன்னும் இரண்டு பிள்ளைகள் ஓடிவந்து சேர்ந்தன. “அக்கட்டால போங்க சாமி, போங்க” என்று அவர் கையை வீசி வீசிக் காட்டினார்.

நான் தவழ்ந்து வெளியே வந்து படியிறங்கிக் கீழே ஓடினேன். பட்டறைக் குரலில் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. விமானத்துக்கு அடியில் போய், ஐஸ்கிரீம் பிசுபிசுத்த அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, எல்லாப் பிள்ளைகளையும் வெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.